வள்ளியின் தர்க்கம்

முடிவு எல்லோருக்கும் தெரிந்த நாடகம் அது. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று பறவை விரட்டும் வள்ளியைத் தேடி முருகன் வருவான். வேடனாக வருவான், கிழவனாக வருவான். யானை வரும். பிறகு கல்யாணம். இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் இன்றும் ஓர் இரவு 'வள்ளி திருமணம்' உண்டு. இரவு பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் எடுத்தால் விடியும்வரை ஓயாது. சினிமா வந்தது, தொலைக்காட்சி வந்தது, கைப்பேசி வந்தது. வரி போட்டுப் பணம் திரட்டி இந்த ஒரு கதையை மட்டும் ஊர் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது.

ஏன் என்று கேட்டால் பக்தி என்பார்கள், பாட்டு என்பார்கள். இரண்டும் உண்மைதான். முருகன் கதை, மங்கலமாக முடிகிற கதை, திருவிழாவுக்குப் பொருத்தம். பாட்டோ, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடுத்த அடியை முணுமுணுக்கும் அளவுக்குப் பழகியது. ஆனால் நான் பார்த்த இரவுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பாதித் தூக்கத்தில் பாயில் சரிந்து கிடக்கும் பெண்கள் சட்டென்று எழுந்து உட்காரும் இடம் பாட்டும் அல்ல, சாமியும் அல்ல. வள்ளி எதிர்த்துப் பேசத் தொடங்கும் இடம். நாடகக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் தர்க்கம்.

இந்த நாடகத்துக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அல்லி, பவளக்கொடி, சாவித்திரி, கண்ணகி, நல்லதங்காள் என்று அவர் மேடையேற்றிய கதைகளைப் பட்டியல் போட்டால் பெண்களின் பெயர்களாகவே வந்து விழும். ஆனால் அவர் கடைசிக் காலத்தில் பாடம் சொல்லி வைத்தது பையன்களுக்கு. 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் வள்ளியும் சாவித்திரியும் மீசை முளைக்காத சிறுவர்கள்தான். பிற்காலத்தில் ஔவை சண்முகம் என்று பெயர் பெற்ற தி.க. சண்முகம் அங்கே வளர்ந்தவர். பெரியவர்களை, அதுவும் பெண்களை, கம்பெனியில் வைத்தால் ஒழுங்கு கெடும் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. அதனால் பெண்ணின் கோபத்தையும் வெட்கத்தையும் வாதத்தையும் பேசும் பாத்திரம், மகரக்கட்டு உடையும்வரை ஒரு பையனுக்குச் சொந்தம்.

பெண்கள் மேடைக்கே வரவில்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்துக் குழு நடத்தியவர். அவர் நாடகம் பார்க்கத் தனி ரயில் விட்டார்கள், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்றே பெயர் என்று சொல்வார்கள். ஆனால் வள்ளியைப் பெண்கள் பரவலாகக் கைக்கொண்டது கம்பெனிகளில் அல்ல, 'ஸ்பெஷல் நாடகம்' என்ற ஏற்பாட்டில். அதன் நடைமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வள்ளியின் நீண்ட ஆயுளுக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் பபூனை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி, முன்பணம் கொடுத்து, தேதி வாங்குகிறார்கள். நோட்டீசில் ஒவ்வொருவர் படமும் பெயரும் ஊரும் இருக்கும். அன்றிரவு மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் வள்ளியும் முருகனும் முகம் பார்த்துக்கொள்வார்கள். சில சமயம் அதுவே முதல் சந்திப்பாகவும் இருக்கும். அப்படியானால் ஓர் இரவு முழுக்க எப்படி நாடகம் நடக்கிறது? பாட்டு பொது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, யார் நுழைய யார் விலக என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்தால் அடுத்த கட்டம் தெரிந்துவிடும். சுவாமிகள் கட்டிய பாட்டு வரிசைதான் பந்தலின் கால்கள். கால்களுக்கு நடுவே இருக்கும் இடம் திறந்தே கிடக்கிறது. அங்கே பேசப்படும் வசனம் அன்றைக்கு அந்த நடிகை பேசுவது.

வள்ளி திருமணத்துக்கு ஆளும் குறைவு. வள்ளி, முருகன், நாரதர், பபூன், டான்ஸ், பக்கவாத்தியம். இவ்வளவு இருந்தால் நடத்திவிடலாம். அரிச்சந்திராவுக்கோ பவளக்கொடிக்கோ இன்னும் கூடுதல் ஆள் வேண்டும், செலவும் ஏறும். ஒரு கலை வடிவம் நிலைப்பதற்கு இப்படிக் கணக்குப் பிள்ளைத்தனமான காரணங்களும் உண்டு.

சரி, தர்க்கத்துக்கு வருவோம். முதலில் நாரதர் வருவார். முருகனைப் பற்றி வள்ளியிடம் எடுத்துச் சொல்வதுதான் அவர் வந்த வேலை. பேச்சோ வேறெங்கெங்கோ போகும். துறவறம் பெரிதா இல்லறம் பெரிதா? ஆண் பெரியவனா பெண் பெரியவளா? நாரதர் குறள் சொன்னால் வள்ளி அதே அதிகாரத்திலிருந்து இன்னொரு குறளை எடுப்பாள். அவர் புராணம் சொன்னால் இவள் அதே புராணத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். பிறகு வேடன். மான் இந்தப் பக்கம் வந்ததா என்று தொடங்கி, பேர் என்ன, ஊர் என்ன, தனியாகவா இருக்கிறாய் என்று நெருங்கும் அந்தக் கேள்வி வரிசை பேருந்து நிறுத்தத்தில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் பழக்கமானது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் திருமயம் பக்கம் ஒரு வள்ளியைப் பார்த்தேன். வழி கேட்ட வேடனிடம், "வழி கேக்குற ஆளு வழியப் பாக்கணும். என் மூஞ்சியில என்ன கைகாட்டி மரமா நட்டு வச்சிருக்கு?" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பில் ஆர்மோனியம் நின்றுபோனது. ராஜபார்ட் நல்ல வித்வான்தான், ஆனால் அடுத்த பதில் அவருக்கு வர நேரமாகிவிட்டது. அவரைக் காப்பாற்ற அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார் ஆர்மோனியக்காரர்.

இதை எழுதி வைத்துக்கொண்டு யாரும் பேசவில்லை. ஒரு பெண், ஆயிரம் பேர் முன்னால், ஒலிபெருக்கியில், யோசித்து அப்போதே பதில் சொல்கிறாள். ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க முடியாத பெண்கள் கீழே உட்கார்ந்து அதைக் கேட்கிறார்கள். 1920களில் இந்த வாய்ப்பு வேறு எங்கே இருந்தது? பள்ளிக்கூடம் போன பெண்களே குறைவு. அந்தக் காலத்தில் ஒரு பெண் கூட்டத்தை எதிர்கொள்ளவும், ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுபோகவும், குறுக்குக் கேள்விக்கு அசராமல் நிற்கவும் பயிற்சி எடுத்த இடம் இந்தத் தினைப்புனம்.

அந்தப் பயிற்சி எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான வரலாறாகப் படுகிறது.

திருவையாற்றில் 1911இல் பிறந்த டி.பி. ராஜலட்சுமி பால்ய விவாகத்திலிருந்து வெளியே வந்து மேடை ஏறியவர். 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகி. 1933இல் 'வள்ளி திருமணம்' படமானபோது அவர்தான் வள்ளி. 1936இல் 'மிஸ் கமலா' படத்தைத் தானே எழுதி இயக்கினார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண். வசனத்தை யாரோ எழுதித் தரும்வரை காத்திருக்காத மேடையிலிருந்து வந்தவருக்குக் கதையைத் தானே எழுதுவது பெரிய தாவலாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

தேச விடுதலைப் போராட்டமும் இதே நாடகத்துக்குள் நுழைந்தது. 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை வைத்து அரசாங்கம் நாடகங்களைத் தடுக்க முடியும். ஆனால் புராண நாடகத்தின் நடுவே, எழுதப்படாத இடத்தில் வந்து விழும் ஒரு பாட்டை முன்கூட்டியே தடுப்பது எப்படி? வள்ளி திருமணத்தில் பறவை விரட்டும் காட்சி இருக்கிறது. பயிரைத் தின்ன வரும் வெள்ளைக் கொக்கு யார் என்பது மேடைக்கும் கூட்டத்துக்கும் தெரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டைப் பாடிப் பாடியே சிறைக்குப் போனார் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில், மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. இந்தக் கதையைத் தியாக வரலாறாக எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. விஸ்வநாததாஸ் மருத்துவர் சாதியில் பிறந்தவர், முடிதிருத்துவோர் குடும்பம். அவரோடு ஜோடியாக நடிக்கமாட்டோம் என்று மறுத்த நடிகைகள் இருந்தார்கள். மேடைப் பெண்களைச் சமூகம் ஒதுக்கியது, அவர்களில் சிலர் அவரை ஒதுக்கினார்கள்.

அந்த இடத்தில் அவரோடு நடிக்க முன்வந்தவர் கே.பி. ஜானகி அம்மாள் (1917–1992). மதுரையில் நாடகக் கம்பெனியில் சிறு சம்பளத்துக்குச் சேர்ந்து, பெயர் பெற்ற ஸ்திரீபார்ட்டாக உயர்ந்தவர். மேடையில் தேசியப் பாட்டுப் பாடினார், சிறைக்குப் போனார், காங்கிரசிலிருந்து கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தார். நாடகத்தில் சம்பாதித்த நகையையும் சொத்தையும் கட்சிக்கே கொடுத்தார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அவர் தெருமுனையில் நின்று பாடிப் பேசினால் கூட்டம் தானாகச் சேரும் என்று பழைய தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாதர் இயக்கத்தின் வரலாற்றை எழுதும்போது நாம் துண்டறிக்கைகளையும் மாநாட்டுத் தீர்மானங்களையும் தேடுகிறோம். நாடக நோட்டீசையும் தேட வேண்டும்.

கே.பி. சுந்தராம்பாள் இல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. ஆனால் அவரை எப்போதும் காதல் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கொடுமுடியில் வறுமையில் பிறந்து, ரயிலில் பாடிய சிறுமி. நாடகக் குழுவோடு இலங்கை போனார். 1926இல் கொழும்பு மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு வள்ளி திருமணம். அவர் குரலுக்கு ஈடு கொடுக்கும் பெண் குரல் இல்லை என்றிருந்த காலத்தில் இருவரும் பாட்டுக்குப் பாட்டு மோதினார்கள். மறு ஆண்டு கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார், இனி ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். அதாவது வள்ளியை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இதைப் பதிபக்தி என்று போற்றுகிறவர்கள் உண்டு. அதில் கைம்மையின் கொடுமையை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. நான் அடுத்து நடந்ததைப் பார்க்கிறேன். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமே போட்டார். அதற்கு வாங்கிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய், அன்று எந்த நடிகரும் நினைத்துப் பார்க்காத தொகை. 1953இல் ஔவையார். காங்கிரஸ் மேடைகளில் அவர் குரலுக்காகவே கூட்டம் வந்தது. மேலவை உறுப்பினராகவும் ஆனார். மணவாழ்க்கைக்குள் வராத ஆண் பக்தனாகவும் தமிழ்க் கிழவியாகவும் மட்டுமே ஓர் இளம் பெண்ணின் குரல் பொதுவெளியில் மரியாதையோடு நடமாட முடிந்தது என்பது நம் சமூகத்தைப் பற்றிய செய்தி. அந்த இரண்டு வழிகளையும் கண்டுபிடித்து நடந்து காட்டியது அவருடைய சாமர்த்தியம்.

மேடையில் பாடும் பெண்ணின் குரலும் உடலும் ஒன்று. சினிமா அதைப் பிரித்தது. 1945இல் ஏவி.எம். 'ஸ்ரீவள்ளி' எடுத்தபோது வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. படம் முடிந்தபின் அவர் பாடியது சரிப்படவில்லை என்று பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். முருகனாக நடித்த டி.ஆர். மகாலிங்கத்தின் குரல் அவருடையதாகவே இருந்தது. இதைத் தொழில்நுட்பப் பெருமையோடு சொல்வார்கள். கொழும்பில் ஆண் குரலுக்கு எதிர்க்குரல் கொடுத்த அதே பாத்திரத்துக்குப் பத்தொன்பது ஆண்டு கழித்துக் குரலைக் கழற்றி மாட்ட முடிந்தது. கிராமத்து மேடை வள்ளிக்கு அப்படி யாரும் செய்ய முடியவில்லை. திரையில் வந்த பாட்டையும் அவள் எடுத்துத் தன் குரலிலேயே பாடினாள்.

இவ்வளவு பேசுகிற வள்ளியை இந்த நாடகம் கடைசியில் என்ன செய்கிறது என்ற கேள்வியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். வாதத்தில் முருகன் ஜெயிப்பதில்லை. அதனால்தான் கிழவனாக வருகிறான். தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறான், விக்கல் என்கிறான், தண்ணீர் கேட்கிறான். அதற்கும் மசியாதபோது அண்ணனைக் கூப்பிடுகிறான். யானையாக வரும் பிள்ளையாரைப் பார்த்துப் பயந்து வள்ளி கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். கட்டிக்கொள்கிறேன் என்று வாக்கும் கொடுக்கிறாள். பயத்தில் கொடுத்த சம்மதம். இன்றைய சட்ட மொழியில் அது சம்மதமே அல்ல. கச்சியப்பரின் கந்தபுராணத்திலும் இதுதான் கதை. ஆனால் அதைவிட மிகப் பழைய பரிபாடலில் வள்ளி என்றால் களவு. பெரியவர்கள் கூட்டி வைக்காத, தானே தேர்ந்துகொண்ட காதல். அதை உயர்த்திப் பேசுகிறது பரிபாடல். குறமகளின் விருப்பமாக இருந்தது வழியில் எங்கோ குறமகளின் பயமாக மாறியிருக்கிறது.

என் அப்பத்தா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் யானை வருகிற கட்டத்தில் வெற்றிலையை மடித்தபடி, "பேசி முடியலேன்னதும் ஆனையக் கூட்டியாந்துட்டான் பாரு" என்பார். பக்கத்துப் பாய்க்காரி, "சாமியச் சொல்லாதீக அயித்தை" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அப்பத்தாவும் போட்டுக்கொள்வார். பதினான்கு வயதில் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டியவர் அவர். பேச்சு வார்த்தைக்கே இடமில்லாத கல்யாணம். இரவு இரண்டு மணிவரை ஒரு பெண் முடியாது, முடியாது என்று விதவிதமாகச் சொல்வதைக் கேட்க அவர் வருஷா வருஷம் மூன்று மைல் நடந்து போனார். தாலி கட்டும் காட்சிக்குள் பெரும்பாலும் தூங்கிவிடுவார்.

அந்தப் பேச்சைத் தருகிறவளுக்கு ஊர் கொடுத்த மரியாதை வேறு கதை. சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே களங்கம் என்ற சொல் இருக்கிறது. மேடையில் கூச்சமின்றிப் பேசும் நடிகைகள் மேடைக்கு வரும் வழியில் எவ்வளவு ஒடுங்கிப் போகிறார்கள் என்று அவர் விரிவாகச் சொல்கிறார். இரவில், மற்றவர் கண்ணில் படாதபடி, முடிந்தால் வேன் அமர்த்தி; குடும்பப் பெண்கள் மாதிரி உடுத்தி, குடும்பப் பெண்கள்தாம் என்று ஊருக்கு உணர்த்தியபடி. மாலை போட்டு வள்ளியம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களே மறுநாள் கூத்தாடி என்பார்கள். இந்த வசவு ஆண் நடிகருக்கும் உண்டுதான். ஆனால் அவர் டீக்கடையில் நின்று டீ குடித்துவிட்டுப் போகலாம். முன்பின் தெரியாத ஆணோடு மேடையில் காதல் பேசினாள் என்ற குற்றம் அவர்மேல் விழுவதில்லை. விதையும் உழைப்பும் அவளுடையவை. விளைந்தபின் பழி மட்டும் அவளுக்கு.

இப்போது என் மாணவிகள் வள்ளி திருமணத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். முழு இரவு அல்ல, தர்க்கம் மட்டும். அரை மணி, முக்கால் மணித் துண்டு. அதில் பெண்ணை மட்டம் தட்டும் வசனங்களும் நிறைய இருக்கின்றன. கூட்டத்தின் கைதட்டலுக்காக வள்ளியே தன் வாயால் சொல்லிவிடும் பழமைப் பேச்சும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் சண்டை போடுகிறார்கள். ஒரு பெண், இவருக்குப் பதிலாக நான் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன் என்று எழுந்து நின்று சொன்னாள். இன்னொருத்தி நாரதராக மாறி மடக்கினாள். மணி அடித்த பிறகும் அது ஓயவில்லை.

சென்ற பங்குனியில் ஒரு நாடகம் முடிந்து விடியும் நேரம். தாலி கட்டியாகிவிட்டது, கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வள்ளியாக நடித்த அம்மா தேங்காய் எண்ணெயால் முகத்து வண்ணத்தைத் துடைத்துக்கொண்டே, சேலையை மாற்றி, மீதிப் பணத்தை எண்ணிப் பையில் வைத்தார். அன்றிரவு பொன்னமராவதிப் பக்கம் அடுத்த தேதி. நாரதர் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னார்கள். "அவரா? அப்ப இன்னைக்குக் கொஞ்சம் தூங்கணும்" என்றார்.